என் பிழைக்கு இன்னொருத்தியின் பெயர்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 302 ட்ராமில், ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் பிரதான நிலையத்தைத் தாண்டியவுடன், என் கைத்தொலைபேசித் திரையில் பிறந்தது.

சென்ற ஒக்டோபரில் ஒரு விளையாட்டு இணையத்தளம் 'இந்தப் பருவத்தின் ஐந்து மோசமான குவாட்டர்பாக் முடிவுகள்' என்று ஒரு பட்டியல் போட்டது. ஐரோப்பாவில் அமெரிக்கன் ஃபுட்போலைத் தொழிலாக ஆடும் குழுக்கள் அந்த வருடம் யாரை எடுத்துக் கெட்டன, யாரை விட்டுக் கெட்டன என்ற பட்டியல். முதலாம் இடம் எங்கள் குழுவுக்கு. (பெயரை மாற்றிவிட்டேன். 'ஹமர்ஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த முடிவை எடுத்தவர் என்று மேலாளர் ஃபிறாவ் லிண்டனின் படம் பெரிதாக இருந்தது. (ஃபிறாவ் என்றால் இங்கே திருமதி.)

குவாட்டர்பாக் என்பவர் ஒவ்வொரு தடவையும் பந்தை முதலில் கையில் வாங்கி, மூன்று நொடிக்குள் அதை யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பவர். அவர் சரியில்லையென்றால் மற்றப் பத்துப் பேரும் தலைகீழாக நின்றாலும் பயனில்லை. ஆகவே தவறான ஆளை எடுப்பதுதான் ஒரு குழு செய்யக்கூடிய ஆகப் பெரிய பிழை.

அந்தப் பிழையைச் செய்தது நான். பட்டியலை வாசித்தபோது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், பயமாவது வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம், அதற்கும் இன்னொருத்தியின் பெயர்.

உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போகப்போக இன்னும் மோசமாவேன்.

2

இந்தக் கதையை நான் எப்படியெல்லாம் தொடங்கினேன் என்று பாருங்கள்.

'ஐங்கரன் ஒரு சோம்பேறி.'

பொய். பயிற்சிக்கு முதலில் வருபவனும் கடைசியாகப் போகிறவனும் அவன்தான்.

'ஐங்கரனுக்கு அம்மாவைப் பற்றி அக்கறை இல்லாததால், அவன்—'

இதுவும் பொய். அம்மா வைத்தியசாலைச் சமையலறையில் வேலை முடித்து வரும்போது பஸ் தரிப்பிடத்தில் நிற்பவன் அவன். நான் நின்றதில்லை.

'ஐங்கரன் நல்லவன்தான், ஆனால்'

இந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு கிழமை எதுவும் எழுத முடியவில்லை. எந்தக் குறையை எடுத்தாலும் அது அவனோடு ஒட்டாமல் திரும்பி என்னிடமே வந்தது.

கடைசியில் வைத்துக்கொண்ட தொடக்கம் இது: ஐங்கரன் என் தம்பி. என்னைவிடப் பதினொரு மாதம் இளையவன். என் பெயர் சயந்தினி.

3

எங்களுக்குப் பத்து வயது இருக்கும்போது பாடசாலைக்குப் பக்கத்து மைதானத்தில் ஃப்ளாக் ஃபுட்போல் தொடங்கினார்கள். அதில் ஒருவரை ஒருவர் இடித்து விழுத்துவதில்லை. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டியை இழுத்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். உதைபந்தைத் தவிர வேறு எதையும் மதிக்காத ஊர் எங்களுடையது. அப்பா இதைக் 'கையாலை எறியிற உதைபந்து' என்றுதான் சொல்லுவார்.

அந்தக் குழுவில் குவாட்டர்பாக் நான். ஐங்கரன் ஓடுவான், நான் எறிவதைப் பிடிப்பான். மூன்று வருடம் அப்படி ஆடினோம். ஒரு கோடையில் ரூர் பகுதிச் சிறுவர் கிண்ணத்தை வென்றோம். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படத்தில் பந்து என் கையில் இருக்கிறது.

பதின்மூன்றாவது வயதில் இடித்து ஆடும் உண்மையான ஆட்டம் தொடங்கும். அங்கே பையன்களுக்கு ஒரு குழு, பெண்களுக்கு வேறு குழு. பையன்களின் மைதானத்துக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம். பெண்கள் குழு இருந்த ஊருக்கு ஐம்பது நிமிடம்.

"உனக்கு ஏன் பிள்ளை இந்த விளையாட்டு?" என்றார் அப்பா. "கை கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?"

"தம்பிக்கு முறியாதோ?"

"அவன் பெடியன்."

கிழமைக்கு மூன்று நாள் அப்பா அவனைக் கொண்டுபோய் விட்டார். வீட்டில் என்னைத் தனியே விட மனமில்லாமல் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். நான் கோட்டுக்கு வெளியே நிற்பேன். ஒருநாள் தன் சிறிய கமெராவை என் கையில் தந்து, "சும்மா நிக்காமல் தம்பியை எடு பிள்ளை" என்றார்.

எடுத்தேன். என் தொழில் அப்படித்தான் தொடங்கியது. பன்னிரண்டு வயதுப் பையன் என் இடத்தில் நின்று, என் பந்தை எறிவதை, வில்லைக்குள்ளால் பார்த்தேன்.

(அப்பாவைக் கெட்டவராக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரசாயன ஆலையில் இரவுப் பணி முடித்து, தூக்கம் கெட்டு, எங்களை ஏற்றி இறக்கினார். ஐம்பது நிமிடம் அவருக்கு உண்மையாகவே ஏலாமல் இருந்திருக்கலாம். 'இருந்திருக்கலாம்' என்று எழுதத்தான் முடிகிறது. 'இருந்தது' என்று எழுத என் கை மறுக்கிறது.)

4

பாடசாலை முடிந்து ஒளிப்பதிவிலும் படத்தொகுப்பிலும் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தேன். ஹமர்ஸ் குழு தொழில்முறைக்கு வந்தபோது வீடியோவுக்கு ஆள் தேடினார்கள், சேர்ந்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு ஐங்கரனும் வந்தான், இரண்டாவது குவாட்டர்பாக்காக. முதலாமவருக்கு ஏதாவது நடந்தால்தான் இரண்டாமவருக்கு வேலை. இரண்டு பருவம் அவன் பெரும்பாலும் ஆடாமல் கோட்டோரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அந்த இரண்டு வருடமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

சென்ற வருடம் மார்ச்சில் முதலாமவர் தோள் வலியால் ஓய்வு பெற்றார். இப்போது இரண்டு வழி. ஐங்கரனை முதலாமவன் ஆக்கலாம், அல்லது அமெரிக்காவிலிருந்து டரல் என்பவரை எடுக்கலாம். பயிற்சியாளர் ஐங்கரன் பக்கம். ஆனால் அவர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தீர்மானம் ஃபிறாவ் லிண்டன் கையில்.

ஃபிறாவ் லிண்டனைப் பற்றி ஒரு சொல். இந்த ஆட்டத்தில் மேலாளராக ஒரு பெண் இருப்பது அபூர்வம். அவர் இளமையில் பெண்கள் குழுவில் ஆடியவர். அவருடைய அறையில் அந்தக் காலத்துத் தலைக்கவசம் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவரை யார் காரில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்று யோசிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார். ஜேர்மன் மொழியில் பேசினார், தமிழில் தருகிறேன்.

"இருவரிலும் இருபது இருபது வீடியோத் துண்டுகள் வேண்டும். வியாழக்கிழமை பார்க்கிறேன். ஐங்கரன் உங்கள் தம்பி. அவருக்குச் சாதகமாக வெட்ட வேண்டாம். உங்களால் முடியுமா?"

"முடியும்" என்றேன்.

(இங்கே ஒரு கட்டுரையே எழுதலாம் என்று தொடங்கினேன். கடலுக்கு அப்பால் இந்த ஆட்டத்தின் தாயகத்தில், ஒரு வருடம் குழுக்கள் எல்லாம் சேர்ந்து 198 பேரைத் தெரிவு செய்த பிறகே ஒருவர் எடுக்கப்பட்டார். அவருக்கு முன் ஆறு குவாட்டர்பாக்குகள் போய்விட்டார்கள். அந்த மனிதர் பிறகு ஏழு தடவை சம்பியன் ஆனார். பெரிய பெரிய நிபுணர்கள், மணிக்கணக்கான வீடியோ, இருந்தும் அப்படி ஒரு பிழை. இதை வாசிக்கும் எல்லோரும் அந்த மேலாளர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்த வீடியோக்களை வெட்டிக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். எனக்கு அது தொழில்.)

5

இரண்டு பருவத்திலும் சினேகபூர்வ ஆட்டங்களிலுமாக ஐங்கரன் எறிந்தது 146 தடவை. அதில் பிழையான எறிதல் முப்பத்தொன்று. அது நல்ல கணக்கு, ஒரு இரண்டாமவனுக்கு மிக நல்ல கணக்கு.

புதன்கிழமை பிற்பகல் அலுவலக அறையில் உட்கார்ந்து அந்த முப்பத்தொன்றிலிருந்து பதின்மூன்றை எடுத்தேன். மழையில் வழுக்கி எதிராளி கைக்குப் போன பந்து. பந்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு இடிபட்டு விழுந்தது. யாரும் இல்லாத இடத்துக்கு எறிந்தது. மிச்சம் ஏழும் நல்லவைதான், ஆனால் சுவையில்லாதவை. ஐந்து யார்ட் தூரம், ஆறு யார்ட் தூரம். நீண்ட, அழகான எறிதல் ஒன்றுகூட இல்லை.

டரலுக்கு நேர்மாறு. அவருடைய ஆகச் சிறந்த இருபதையும் எடுத்தேன்.

பொய்யான துண்டு எதையும் நான் சேர்க்கவில்லை. எல்லாம் நடந்தவை. வியாழக்கிழமை ஃபிறாவ் லிண்டன் பார்த்தார், இரண்டாம் தடவையும் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கடினமாக இருந்திருக்கும். நன்றி" என்றார்.

மறுநாள் டரலோடு ஒப்பந்தம்.

(எல்லாம் நடந்தவை என்று மேலே எழுதினேன் அல்லவா? பதினோராவது துண்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.)

6

டரல் மோசமான மனிதர் அல்ல. ஜேர்மனியில் எந்த உணவகத்திலும் பானத்துக்குப் போதிய ஐஸ்கட்டி தருவதில்லை என்பதுதான் அவருடைய ஒரே முறைப்பாடு. கை பலமானது, கண் மெதுவானது. எதிராளிகளிடமிருந்து அவரைக் காக்கும் எங்கள் முன்வரிசையோ பலவீனம். மூன்று நொடி தேவைப்பட்ட மனிதருக்கு இரண்டு நொடிதான் கிடைத்தது. மே மாதம் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி. ஓகஸ்ட் முடியும்போது பதினொன்றில் எட்டுத் தோல்வி.

பன்னிரண்டாவது ஆட்டத்தில், இழக்க இனி எதுவும் இல்லாத நிலையில், இடைவேளைக்குப் பிறகு ஐங்கரனை இறக்கினார்கள். பதினேழு புள்ளி பின்னால் நின்ற குழு. அவன் மூன்று டச்டவுன் எறிந்தான், ஒவ்வொன்றுக்கும் ஏழு புள்ளி. வென்றோம். மைதானத்தில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நான் கமெராவைப் பிடித்திருந்தேன். படம் மிகத் தெளிவாக வந்தது.

அந்த அரை ஆட்டத்தைப் பார்த்துத்தான் அந்த இணையத்தளம் எங்களுக்கு முதலாம் இடம் தந்தது. 'இவனை வாங்கில் வைத்துக்கொண்டா இவரை எடுத்தீர்கள்?' என்பதுதான் அவர்களின் கேள்வி.

பட்டியல் வந்து ஒரு கிழமைக்குள் நிர்வாகம் ஃபிறாவ் லிண்டனை வேலையிலிருந்து நிறுத்தியது. அந்த ஒரு கிழமையில் நான் எந்த நாளிலும் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நிர்வாக அலுவலகம் இரண்டாவது மாடி. நான் முதலாவது மாடியில் இருந்தேன்.

அவர் போன பிறகு அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். என்ன செய்தேன், எப்படித் தெரிந்தெடுத்தேன், எல்லாம் எழுதினேன். மூன்றாம் நாள் இரண்டே வரியில் பதில் வந்தது.

'வெட்டியது நீங்கள். தீர்மானித்தது நான். எல்லா ஆட்டத்தையும் நான் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்.'

மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. என் பிழையை என் கையில் தர அவர் மறுத்துவிட்டார். அவ்வளவு நிமிர்ந்து ஒரு பிழையைச் சுமக்க ஒருத்தியால் முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். என்னை வைத்து என்ன செய்வது, சொல்லுங்கள்.

7

நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் ஐங்கரன் என் வீட்டுக்கு வந்தான். கையில் அம்மா தந்துவிட்ட கணவாய்க் கறி.

"அக்கா, ஒஸ்திரியாவிலை, லின்ஸ் பக்கம் ஒரு குழு கேட்டிருக்கு. முதலாம் ஆளாய் எடுக்கப் பாக்கினம். திங்கக்கிழமைக்குள்ளை இருபது துண்டு அனுப்பட்டாம். வெட்டித் தாறியோ?"

"வேறை ஆரிட்டையும் கேக்கேலாதோ?"

"உன்னைவிட என்ரை விளையாட்டை ஆர் கண்டது? சின்னனிலையிருந்து நீதானே எடுக்கிறாய்."

சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். அவன் சாப்பிடத் தொடங்கினான். இந்த இடத்தில் என்னை நல்லவளாகக் காட்ட ஒரு வாய்ப்பு இருந்தது. முதல் வரைவில், மனச்சாட்சி உறுத்தி நான் அழுதுகொண்டே சொன்னதாக எழுதினேன். அழவில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"மார்ச்சிலை லிண்டனுக்குக் குடுத்த இருபதையும் தெரிஞ்செடுத்தது நான்தான்."

"ஓம், பின்னை ஆர்? நீதானே வீடியோ."

"இல்லையடா. வேணுமெண்டு மோசமானதைத் தெரிஞ்செடுத்தனான்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான்.

"போடு, பாப்பம்."

மடிக்கணினியைத் திறந்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. மற்ற ஆட்டக்காரரின் வீடியோவைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "இது என்ரை பிழை" என்றான் ஓரிடத்தில். "இதுவும். கால் சரியா வைக்கேல்லை." எனக்கு ஒரு நப்பாசை வந்தது, அவன் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று.

பதினோராவது துண்டு. அவன் எறிகிறான், எறிந்த கையோடு இடிபட்டு விழுகிறான். படம் முடிகிறது.

"நிப்பாட்டு. திருப்பிப் போடு."

போட்டேன்.

"இது எங்கடை பிளோறியான் பிடிச்ச பந்து. இருபத்தெட்டு யார்ட். எங்கை மிச்சம்?"

"வெட்டினனான்."

"பிடிச்சதை?"

"ஓம்."

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து நின்றான். அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

"ஏன் அக்கா?"

பதினாறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதில் என்னிடம் இருந்தது. எத்தனையோ தடவை மனதுக்குள் பேசிப் பார்த்த பதில். வாய்க்கு வந்தபோது அது இவ்வளவுதான்.

"அப்பா என்னைக் கொண்டுபோய் விடேல்லை."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?" குரல் உயரவில்லை. "எனக்குப் பன்ரண்டு வயசு, அக்கா. பன்ரண்டு வயசு எனக்கு."

ஜக்கெட்டை எடுத்துக்கொண்டான். கதவடியில் நின்று, திரும்பாமலே, "கணவாயைப் பிரிட்ஜிலை வை. பழுதாப் போயிடும்" என்றான்.

போய்விட்டான்.

8

அவன் போன பிறகு 146 எறிதலையும் வரிசையாகப் பார்த்தேன். முழுதாக, எந்த நொடியும் வெட்டாமல்.

என்னிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தால் அவனைவிட நன்றாக ஆடியிருப்பேன் என்பது. இந்தக் கதை முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. நீங்களும் நம்பியிருப்பீர்கள், நான் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

94-ஆவது எறிதல். இரண்டு பேர் அவன்மேல் பாய்கிறார்கள். அவன் இடப்பக்கம் பார்க்கிறான், எதிராளிகள் எல்லோரும் இடப்பக்கம் ஓடுகிறார்கள். பார்வையை எடுக்காமலே வலப்பக்கம் எறிகிறான். அங்கே ஒருவரும் இல்லை. பந்து காற்றில் இருக்கும்போது ஒருவன் அங்கே ஓடி வருகிறான், கையை நீட்டுகிறான், பந்து வந்து கையில் உட்காருகிறது.

இந்தப் பத்தியை ஏழு தடவை அழித்தேன். எட்டாம் தடவை விட்டுவைத்திருக்கிறேன். என்னால் அதை எறிந்திருக்க ஏலாது. பதின்மூன்றில் ஏலாது, இப்போதும் ஏலாது. அப்பா கிழமைக்கு ஏழு நாள் கொண்டுபோய் விட்டிருந்தாலும் ஏலாது.

இதைத் தெரிந்துகொண்டால் பொறாமை அடங்கும் என்று பல இடங்களில் வாசித்திருக்கிறேன். அடங்கவில்லை. முன்பு அதற்கு ஒரு நியாயம் இருந்தது, இப்போது அதுவும் இல்லாமல் வெறும் பொறாமையாக உட்கார்ந்திருக்கிறது.

ஐங்கரன் தன் இருபது துண்டையும் தானே கைத்தொலைபேசியில் வெட்டி அனுப்பினான். பிறகு பார்த்தேன். படுமோசமான வேலை. தொடக்கம் இழுக்கிறது, முடிவு தடக்கென்று நிற்கிறது, ஒரு துண்டு இரண்டு தடவை வருகிறது. அவர்கள் மறுநாளே அவனை எடுத்துவிட்டார்கள்.

9

இப்போது மார்ச். நான்கு மாதமாக அவன் என்னோடு கதைக்கவில்லை. அப்பா அம்மாவுக்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது அவர்கள் கதைக்கும் விதத்திலேயே தெரிகிறது.

நாளை, சனிக்கிழமை, லின்ஸில் அவனுடைய முதல் ஆட்டம்.

இதற்கு முடிவாக இரண்டை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நான் போகிறேன். கூட்டத்தில் நிற்கிறேன், கையில் கமெரா இல்லை. ஆட்டம் முடிந்து அவன் வேலியடிக்கு வருகிறான். அவனை என்ன சொல்ல வைப்பது என்று தெரியாமல் அந்தப் பக்கம் பாதியில் நிற்கிறது. அவன் வாயில் நான் எதை வைத்தாலும் அது எனக்குச் சாதகமாகவே வந்தது. மற்றதில் நான் போகவில்லை. இந்த எழுத்து முழுவதையும் அவனுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அதுவும் சரிவரவில்லை. அதில் நான் மிக நேர்மையானவளாகத் தெரிகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அப்பா.

"பிள்ளை, தம்பி டிக்கெட் அனுப்பியிருக்கிறான். மூண்டு."

"மூண்டோ?"

"ஓம். எனக்கும் அம்மாவுக்கும் ரெண்டு. மற்றது உனக்காக்கும்."

"எனக்கெண்டு சொன்னவனோ?"

"என்னெண்டு?"

"மூண்டாவது எனக்கெண்டு தம்பி சொன்னவனோ, அப்பா?"

"ஒண்டும் சொல்லேல்லை. டிக்கெட்டிலையும் பேர் இல்லை. ஏன், உங்கள் ரெண்டு பேருக்கும் ஏதும் பிரச்சினையோ?"

பின்னால் அம்மாவின் குரல்: "லின்ஸிலை இருக்கிற வதனி அக்காவுக்கும் வரச் சொல்லிச் சொன்னவன். மூண்டாவது அவவுக்கோ தெரியாது."

"அது உனக்குத்தான் பிள்ளை" என்கிறார் அப்பா. "விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுறம். ஏழு மணித்தியாலம் எண்டாலும் நான் கார் ஓடுவன். உன்னை வந்து ஏத்துறன்."

அந்தக் கடைசி வசனத்தை நான் உருவாக்கவில்லை. நான் எழுதியிருந்தால் கூச்சப்பட்டு வெட்டியிருப்பேன். அவர் சொன்னார், அவ்வளவுதான். முப்பது வயதில் என்னை மைதானத்துக்கு ஏற்றிப் போக வருகிறாராம்.

ஐங்கரன் மூன்றாவது டிக்கெட்டை யாருக்கு அனுப்பினான் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துத் தெரிந்தெடுத்த பகுதிகளை மட்டும் வைத்து அவனைப் பற்றி நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். என்னைவிட உங்களுக்கு அவனைத் தெரிந்திருக்கவும் கூடும். ஆகவே நீங்களே சொல்லுங்கள், அந்த டிக்கெட் யாருக்கு? வேலியடியில் என்னைக் கண்டால் அவன் முகம் எப்படிப் போகும்? நான் சொல்லப்போவதில்லை. அவனைப் பற்றிய முடிவொன்றை ஒருமுறை என் கையில் தந்து பார்த்தாயிற்று.

"கேக்குதோ, பிள்ளை?" என்கிறார் அப்பா. "வாறியோ, இல்லையோ?"

அவர் இன்னும் லைனில் நிற்கிறார்.